மூன்று குழாய்கள்

எஞ்சின் என்பது எரிபொருளை உண்டு உயிர்வாழும் ஒன்று என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது உண்பதைவிடச் சுவாசிப்பதே மிகுதி. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய வேண்டுமாயின் ஏறத்தாழ 15 கிராம் காற்று வேண்டும். அந்தக் காற்று உள்ளே வருவதற்கு, முன்பு எரிந்து முடிந்த காற்று வெளியேறி இடம் தர வேண்டும். பந்தய வண்டிகளைப் பழுது பார்ப்போர் காற்று நுழையும் வாயைப் பற்றிப் பேசுவதைவிட, புகை வெளியேறும் குழாயைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள் என்று நாம் வியந்ததுண்டு. காரணம் இதுதான். வெளியே விடாதவனால் உள்ளே இழுக்க முடியாது.

அந்தக் குழாயைப் புத்தகங்கள் ஹெட்டர் என்கின்றன. நம் ஊர்ப் பட்டறைகளில் அதற்குப் பெண்டு பைப்பு என்று பெயர். தொழிற்சாலையிலிருந்து வரும் காரில் அந்த இடத்தில் வார்ப்பிரும்பாலான ஒரு கட்டை இருக்கும். எல்லாச் சிலிண்டர்களின் புகையும் அதற்குள் முட்டி மோதித்தான் சைலன்சருக்குப் போகும். மலிவானது, நெடுநாள் உழைப்பது, வீட்டுக் காருக்குப் போதுமானது. பந்தயத்திற்கு மட்டும் அது போதாது. அங்கே ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே ஒரு நீண்ட குழாய் வேண்டும். அவையனைத்தும் ஒரே நீளமுடையனவாய் இருந்து, பிறகு ஓரிடத்தில் கூட வேண்டும்.

ஏன் ஒரே நீளம்? குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்ற நமக்கு இந்தக் கேள்வி முதலில் அற்பமாகத் தோன்றியது. விடை கிடைத்தபோது இரவு உறக்கம் வரவில்லை. வெளியேற்றும் வால்வு திறந்ததும் சிலிண்டருக்குள் அடைபட்டிருந்த அழுத்தம் ஓர் அலையாகக் குழாயில் பாய்கிறது. வாயு பின்னால் மெல்ல வருகிறது. அலையோ ஒலியின் வேகத்தில் முன்னே ஓடுகிறது. சூடான புகையில் அந்த வேகம் வினாடிக்கு 500 மீட்டருக்கும் மேல். குழாய் முடிந்து அகன்ற வெளி தொடங்கும் இடத்தை அடைந்ததும் அலை திரும்புகிறது. ஆனால் போன வடிவத்தில் அன்று. அழுத்தமாகப் போனது உறிஞ்சலாக வருகிறது. வால்வு மூடுவதற்கு முன் அந்த உறிஞ்சல் வந்து சேர்ந்தால், சிலிண்டரின் மூலையில் தங்கிய கடைசிப் புகையையும் இழுத்தெடுத்து, அந்த நேரத்தில் திறக்கத் தொடங்கியிருக்கும் மறு வால்வின் வழியே புதுக் காற்றையும் வரவழைக்கிறது. குழாய் குட்டையாயின் அலை முந்திவிடும், நெட்டையாயின் பிந்திவிடும். நிமிடத்துக்கு 7000 முறை சுழலும் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 9 மில்லி வினாடிகூட இல்லை. ஒவ்வொரு சிலிண்டரும் வினாடிக்கு 58 முறை புகையைத் தள்ளுகிறது. இத்தனை அவசரத்திற்குள் போன அலை திரும்பி வந்து கதவைத் தட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டு ஒரு வெற்றுக் குழாயை வெட்டுகிறான் மனிதன். அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாத பொருள் அது. வேலை செய்வது இரும்பு அன்று, அதன் நீளம்.

இதையெல்லாம் நமக்குக் கற்பித்தவர்கள் ஒரு தகப்பனும் மகனும். கோவையின் கிழக்குப் பகுதியில் ஒரு பங்கில் நாம் பணியாற்றிய 2013-ஆம் ஆண்டு அது. தகப்பனார் முப்பது ஆண்டுக் காலம் சைலன்சர் பட்டறை நடத்தியவர். கண்புரை அறுவைக்குப் பின் வெல்டிங் வேலையை விட்டுவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பட்டறையை மகன் ஏற்பான் என்று அவர் எதிர்பார்த்தார். மகனோ கணினியால் இயங்கும் கடைசல் இயந்திரங்களுள்ள ஆலை ஒன்றில் வேலைக்குப் போய்விட்டான். பட்டறை கைமாறிற்று. அன்று முதல் ஓராண்டாக அவ்விருவருக்கும் இடையே 'சாப்பாடு ஆச்சா' என்பதற்கு மேல் பேச்சில்லை.

இந்நிலையில் மகனும் நண்பர்கள் இருவரும் சேர்ந்து, பழைய ஃபார்முலா மாருதி வண்டி ஒன்றின் சட்டத்தை விலைக்கு வாங்கி, அதற்குரிய எஞ்சினை வீட்டுப் பின்புறக் கொட்டகையில் இறக்கிவிட்டனர். அவனுடைய தாயார் நம் இல்லத்துக்கு வந்தார். அவருடைய உடன்பிறந்த தம்பி இருசக்கர வாகன விபத்தில் இறந்தவர். "சாமி, நீங்க ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. உங்க பேச்சத்தான் கேப்பான்" என்றார். சொல்லத்தான் போனோம். போன இடத்தில் கொட்டகைக்குள்ளிருந்து ஒரு குரல், "சாமி, அவங்கிட்டச் சொல்லுங்க, இந்தப் பைப்பு ஆகாதுன்னு" என்றது. தகப்பனார் திண்ணையில் அமர்ந்திருந்தார். மகன் ஆறடி தூரத்தில் நின்றிருந்தான். நடுவில் நாம்.

அவன் வாங்கி வந்திருந்தது தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் ஜி.ஐ. பைப். அதன்மேல் பூசியிருக்கும் துத்தநாகம் வெல்டிங் சூட்டில் வெண்புகையாய் எழும். அதைச் சுவாசித்தவனுக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும். பெரியவர் அதை இளமையில் பட்டறிந்தவர். "நம்ம வீட்டுல அந்தப் புகை வேண்டாம்" என்று நம்மைப் பார்த்துச் சொன்னார். மகன் நம்மைப் பார்த்தே, "சரிங்க சாமி, வேற வாங்கிக்கிறேன்" என்றான். ஒரே அறையில் இருக்கும் இருவர் மூன்றாமவர் வழியாகப் பேசிக்கொள்வதைக் குடும்பங்களில் நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அது சண்டையின் அடையாளம் என்று சிலர் கருதுவர். பேச வேண்டும் என்ற விருப்பம் இருப்பவர்களே இடையில் ஆள் தேடுவர் என்பது நம் கருத்து.

எஞ்சின் 796 கன செ.மீ. கொள்ளளவுள்ளது, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் வைத்த பழைய வகை. 1983-இல் வந்து, 2014-இல் உற்பத்தி நின்றுபோன அந்தச் சிறு காரின் எஞ்சினேதான். காரில் இருக்கும்போது 40 குதிரைத்திறன்கூடத் தராது. ஆயினும் அதற்கு ஒரு நற்பேறு உண்டு. மூன்று சிலிண்டர்களும் 240 பாகை இடைவெளியில் சீராக எரிகின்றன. ஒன்றின் புகை ஏறக்குறைய முடியும்போதுதான் அடுத்ததன் புகை தொடங்குகிறது. ஆகவே மூன்றையும் நேரே ஒன்றாகக் கூட்டிவிடலாம். நான்கு சிலிண்டர் எஞ்சினில் அவ்வளவு எளிதன்று. அங்கே எரியும் வரிசை 1-3-4-2 ஆயின், ஒன்றையும் நான்கையும் ஒரு சோடியாகவும், இரண்டையும் மூன்றையும் மறு சோடியாகவும் இணைத்து, பிறகு அவ்விரண்டையும் ஒன்றாக்க வேண்டும். அல்லது நான்கையும் ஓரிடத்தில் கூட்டி, கூடுமிடத்தில் எரியும் வரிசைப்படியே சுற்றி அடுக்க வேண்டும். மூன்று குழாய்களுக்கோ எப்படி அடுக்கினாலும் வரிசை தானாக அமைந்துவிடும். இடமாகச் சுற்றும், அல்லது வலமாகச் சுற்றும். இதைப் பெரியவர் மூன்று கடலைக்காய்களைத் தரையில் வைத்து நமக்குக் காட்டினார்.

நீளத்திற்கு மகன் ஒரு சூத்திரம் வைத்திருந்தான். எஞ்சின் சீரமைப்போர் அனுபவத்தால் கண்டு புத்தகங்களில் எழுதி வைத்தது. வெளிவால்வு எத்தனை பாகை முன்னதாகத் திறக்கிறதோ அதனுடன் 180-ஐக் கூட்டி, 850-ஆல் பெருக்கி, வேண்டிய சுழற்சி வேகத்தால் வகுத்து, 3-ஐக் கழித்தால் குழாயின் நீளம் அங்குலத்தில் வரும். அவர்கள் போட்டிருந்த கேம் தண்டில் அந்த முன்னேற்றம் 70 பாகை. 7000 சுழற்சிக்குக் கணக்கிட்டதில் 27 அங்குலத்துக்குச் சற்று மேல், அதாவது 695 மில்லி மீட்டர் வந்தது. உள்விட்டத்திற்கு வேறொரு சூத்திரம். அது ஏறத்தாழ ஒன்றேகால் அங்குலம் என்றது. கடையில் கிடைத்த 35 மி.மீ. வெளிவிட்டமும் 1.6 மி.மீ. கனமும் உள்ள இரும்புக் குழாய் அதற்குப் பொருந்திற்று. தகப்பனார் தாளை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். "நாங்க கையால வளைச்ச காலத்துலயும் இருபத்தெட்டு அங்குலந்தானுங்க சாமி போட்டோம்" என்றார். அந்த ஓர் அங்குல வேறுபாட்டுக்காக அன்று மாலை முழுவதும் விவாதம் நடந்தது. இம்முறை அவர்கள் நம் வழியாகப் பேசவில்லை.

வளைத்தல்தான் இதில் பெரும்பாடு. சிலிண்டர்கள் மூன்றும் வரிசையாக நிற்க, குழாய்கள் கூடுமிடம் ஒரு பக்கமாக இருக்கும். அருகிலிருப்பது நேரே போனால் நீளம் குறையும். ஆகவே அருகிலிருப்பது வளைந்து சுற்றி வர, தொலைவிலிருப்பது நேர்வழியில் வர வேண்டும். வெறுங்குழாயை வளைத்தால் உள்வளைவு நசுங்கிவிடும். பெரியவரின் வழி, மணல் நிரப்பி வளைப்பது. நுண்ணிய ஆற்றுமணலைச் சலித்து, ஈரம் ஒரு துளியும் இல்லாதபடி வறுக்க வேண்டும். ஈரம் இருந்தால் சூட்டில் ஆவியாகி அடைப்பையே வெடித்துத் தள்ளும். வறுப்பதற்கு வீட்டு வடச்சட்டியே கிடைத்தது. அம்மையார் அடுப்பருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. பின்னர் நம்மைப் பார்த்த பார்வையில், 'எதற்கு அனுப்பினேன், நீர் என்ன செய்கிறீர்' என்ற கேள்வி இருந்தது.

வறுத்த மணலைக் குழாயில் நிரப்பி, சுத்தியலால் தட்டித் தட்டி இறுக்கி, இருபுறமும் மரக்கட்டை அடைத்து, வளைய வேண்டிய இடத்தைக் கேஸ் டார்ச்சினால் செம்பழ நிறம் வரும்வரை காய்ச்சி, மெல்ல இழுக்க வேண்டும். குழாயின் பற்றுக்கோடு வளைவின் உள்ளேயும் வராமல் வெளியேயும் வராமல் பக்கவாட்டில் அமைய வேண்டும். அங்கேதான் இழுவையும் நெருக்கமும் குறைவு. இதை எந்தப் புத்தகமும் பெரியவருக்குச் சொல்லவில்லை. குளிர்ந்த பின் நீளத்தைச் சரிபார்க்க மகன் தண்ணீர் ஊற்றி அளந்தான். உள்விட்டம் ஒன்றாயிருக்கும்போது கொள்ளளவு ஒன்றானால் நீளமும் ஒன்றுதானே? ஒவ்வொன்றும் சுமார் 550 மில்லி லிட்டர் கொள்ள வேண்டும். நடுக்குழாய் 30 மில்லி கூடுதலாகக் கொண்டது. ஏறத்தாழ 4 சென்டி மீட்டர் நீளம் அதிகம் என்று பொருள். தகப்பனார் அந்த உபாயத்தை அறியாதவர். குவளையைக் கையில் வாங்கி இரண்டாம் முறை அளந்து பார்த்தார். "நல்லாருக்குது தம்பி" என்றார். ஓராண்டில் மகனை நோக்கி அவர் சொன்ன முதல் பாராட்டு அதுவாகத்தான் இருக்கும்.

ஒரு புகைக்குழாயின் வடிவம் நாட்டெல்லையைத் தாண்டிய கதையும் உண்டு. சிறிது விலகிச் சொல்ல வாசகர் பொறுத்தருள்க. இரு வீச்சு எஞ்சின்களில் குழாயின் பங்கு இதைவிடப் பெரிது. அங்கே திரும்பி வரும் அலைகளில் ஒன்று உறிஞ்சுகிறது, மற்றொன்று வெளியே தப்பியோடும் புதுக் கலவையைத் திரும்பச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. இதற்காக வயிறு பருத்து முனை குறுகிய குழாயை வளர்த்தெடுத்துச் செம்மை செய்தவர்களுள் தலையானவர் கிழக்கு ஜெர்மனியின் சோப்பாவ் நகரில் எம்.இசட். தொழிலகத்தில் பணிபுரிந்த வால்டர் காடன். போர்க்காலத்தில் ஏவுகணைப் பணியில் இருந்த பொறியாளர். பணமும் நல்ல உலோகமும் இல்லாத நாட்டில் இருந்துகொண்டு, 1961-இல் 125 கன செ.மீ. எஞ்சினிலிருந்து ஏறத்தாழ 25 குதிரைத்திறனைப் பெற்றார். ஒரு லிட்டருக்கு 200 என்ற கணக்கு. அவ்வாண்டு செப்டம்பரில், சுவீடன் நாட்டுப் பந்தயத்திற்குச் சென்ற அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் திரும்பி வரவில்லை. பெர்லினில் சுவர் எழுப்பத் தொடங்கி ஒரு மாதமே ஆகியிருந்தது. அவர் ஜப்பானின் சுசுகி நிறுவனத்தைச் சேர்ந்தார். அறிவும் அவரோடு போயிற்று. 1962-இல் 50 கன செ.மீ. பிரிவின் உலகப் பட்டம் சுசுகி வண்டியில் அவருக்கே கிடைத்தது. காடன் சோப்பாவிலேயே தங்கி வேலை செய்தார். பட்டம் பெற்றவரைவிட, தங்கியவரை நினைக்கும்போதே நம் மனம் கனக்கிறது.

கொட்டகைக்குத் திரும்புவோம். எஞ்சினோடு குழாய்களைப் பிணைக்கும் ஃபிளாஞ்சு 10 மி.மீ. தகட்டில், பழைய கேஸ்கட்டையே அச்சாக வைத்து வெட்டப்பட்டது. மெல்லிய தகடாயின் வெல்டிங் சூட்டில் வில்லாய் வளைந்து, எத்தனை கேஸ்கட் போட்டாலும் புகை கசியும். அதற்காகவே உக்கடத்தில் பழைய இரும்புக் கடையொன்றில் விரிசல் விட்ட சிலிண்டர் ஹெட் ஒன்றை எடைக்கு வாங்கி வந்து, ஃபிளாஞ்சை அதன்மேல் முடுக்கி வைத்துப் பற்றவைத்தனர். குழாயின் வாய் எஞ்சினின் துவாரத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். அந்தச் சிறு படிக்கட்டு, பின்னோக்கி வரும் புகையைத் தடுத்து நிறுத்தும். ஒரே குழாயை முழுதும் சுற்றிப் பற்றவைத்தல் ஆகாது. முதலில் எல்லாவற்றுக்கும் டாக் வைத்து, வண்டியில் பொருத்திப் பார்த்து, பிறகு இங்கே ஓர் அங்குலம், அங்கே ஓர் அங்குலம் என்று மாறி மாறிச் செல்ல வேண்டும்.

ஆர்கான் வெல்டிங்குக்கு வெளியே கொடுத்துவிடலாம் என்பது மகனின் எண்ணம். கேஸ் வெல்டிங்கே போதும், வீட்டிலேயே முடிப்போம் என்பது தகப்பனாரின் பிடிவாதம். டாக் வைக்கும் வேலையை அவரே செய்தார். பச்சைக் கண்ணாடி அணிந்து முதற்குழாயில் பாதி சென்றார். வரி நேராக வரவில்லை. கை நடுங்கிற்றா, கண் மங்கிற்றா என்பதை நாம் அறியோம். தீயைக் குறைத்து, டார்ச்சை மகன் பக்கம் நீட்டினார். பேச்சில்லை. மகன் அதைப் பிடிக்கத் தெரியாதவன். பிடிக்கத் தெரியக் கூடாது என்றே வளர்ந்தவன். ஆலையில் இயந்திரத்திற்குக் கட்டளை எழுதுபவன் அவன். அதன்பின் மூன்று வாரங்கள் குழாய்கள் அப்படியே கிடந்தன. மாலைதோறும் துண்டுக் குழாய்களில் அவன் வெல்டிங் பழகினான். தகப்பனார் அருகில் முக்காலியிட்டு அமர்ந்து, கண்ணால் பாராமல் ஒலியைக் கேட்டே, "தீ ஜாஸ்தி", "கம்பி பிந்துது", "ஓட்டை போட்டுட்ட" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சரியாயிருக்கையில் ஒன்றும் சொல்லவில்லை. நாளடைவில் அவர் சொல்லாத நேரம் நீண்டது. பின்னர் உண்மைக் குழாய்களை அவனே முடித்தான். மூன்றும் முக்கோணமாய்க் கூடுமிடத்தில் நடுவே விழும் இடைவெளியைச் சிறு கூம்புத் தகட்டால் மூடும் பணியை மட்டும் அவனிடம் கொடுக்காமல் தாமே செய்தார். ஏன் என்று நாம் கேட்கவில்லை.

இனி, அம்மையாருக்கு நாம் அளித்த விடை. அவனைத் தடுக்கும்படி நாம் சொல்லவில்லை. காரணத்தை அவரிடமே சொன்னோம். இரவில் அவிநாசிச் சாலையில் சைலன்சரை அறுத்துவிட்டுப் பறக்கும் இளைஞர்களை நாம் ஒருபோதும் ஆதரித்ததில்லை. எதிரே வருபவர் அந்த ஆட்டத்திற்கு ஒப்புதல் தந்தவர் அல்லர். மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவர் அந்த ஓசைக்கு ஒப்புதல் தந்தவர் அல்லர். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் ஒவ்வொரு வண்டிக்கும் சைலன்சர் வேண்டும் என்று கூறுவதும் அதனால்தான். தடம் வேறு. அங்கே தலைக்கவசமும் வார்ப்பட்டையும் உண்டு. கொடியசைப்பவரும் மருத்துவ வண்டியும் உண்டு. எல்லோரும் ஒரே திசையில் ஓடுகின்றனர். ஆபத்து இல்லை என்று நாம் சொல்லவில்லை. அதை அறிந்து, அளந்து, ஏற்றவர்கள் மட்டுமே அங்கே இருக்கின்றனர். அம்மையார் கேட்டுக்கொண்டார். ஒப்பினார் என்று சொல்ல இயலாது.

கோவைக்கு இந்த வேட்கை புதிதன்று. சென்னைக்கு அருகே சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த நாள் முதலே இவ்வூர்ப் பட்டறைகளின் வண்டிகள் அங்கே சென்றிருக்கின்றன. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் வந்தது. எஸ். கரிவரதன் உள்நாட்டு எஞ்சினைக் கொண்டே ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளை இங்கே உருவாக்கி, எளிய இளைஞரும் எட்டக்கூடிய விலையில் அந்த விளையாட்டைக் கொண்டுவந்தார். 1995-இல் சிறு விமான விபத்தில் அவர் மறைந்தார். 2003-இல் செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட தடம் அவர் பெயரைத் தாங்குகிறது. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இந்நகரத்தவரே. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் பெயர் தெரியாத எத்தனை கொட்டகைகள், எத்தனை வடச்சட்டிகள் இருந்திருக்கும்!

பயிற்சிக்காகத் தடம் கிடைத்த ஞாயிறு பிற்பகல் நாமும் சென்றோம். அம்மையார் கட்டுச்சோற்றோடு வந்து, தடத்திற்கு முதுகு காட்டி அமர்ந்துகொண்டார். எஞ்சின் முதலில் உயிர்பெற்றபோது கேட்ட ஒலி, நாம் தெருவில் அறிந்த அந்தச் சிறு காரின் ஒலியே அன்று. கீழ் வேகத்தில் முரண்டு பிடித்தது. 5000-ஐத் தாண்டியதும் தொண்டை திறந்தாற்போல் ஒரே சுருதியாயிற்று. மகன் ஆறு சுற்று ஓடி வந்து நிறுத்தினான். அவன் இறங்குவதற்குள் தகப்பனார் குழாய்களிடம் போய்விட்டார். ஆறிய பிறகு கூடுமிடத்தைக் கழற்றி, மூன்று வாய்களுக்குள்ளும் கைவிளக்கை அடித்துப் பார்த்தார். முதலிரண்டும் பழுப்பேறியிருந்தன. மூன்றாவது வெளுத்திருந்தது.

"மூணுக்குக் காத்து எங்கியோ திருட்டுத்தனமா போகுது தம்பி. இன்லெட் கேஸ்கட்டப் பாரு" என்றார். மகன் சிறிது பெட்ரோல் நனைத்த துணியை எடுத்தான். அதை வாங்கி எறிந்துவிட்டு, சோப்பு நீர் கொண்டுவரச் சொன்னார். இருவரும் எஞ்சின்மேல் தலை கவிழ்ந்துவிட்டனர். இனி நம்மால் அங்கே ஆவதொன்றும் இல்லை என்று நிழலுக்கு வந்தோம்.

அம்மையார் திரும்பாமலே கேட்டார்: "சத்தம் நின்னுருச்சுங்களா சாமி?"

"நின்றுவிட்டதம்மா. கேஸ்கட் மாற்றுகிறார்கள்."

"மறுபடியும் ஓட்டுவானுங்களா?"

"ஓட்டுவான்" என்றோம்.

அவர் சிறிது நேரம் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு கட்டுச்சோற்றைப் பிரித்து, மூன்று தட்டுகளில் வைத்து, இரண்டை நம் கையில் கொடுத்து அவர்களிடம் அனுப்பினார்.